பார்க்கில் ஸ்டார்ட் ஆகாத கார் நியூட்ரலில் ஆகிறதே!

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காரைப் பார்க்கில் வைத்து சாவியைத் திருப்பினால் சில நாள் சத்தமே வருவதில்லை. நியூட்ரலுக்குத் தள்ளித் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ரிவர்ஸ் விளக்கும் எரிந்தும் எரியாமலும் இருக்கிறது. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் போய்விட்டது என்கிறார்கள். நானே வாங்கி மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் காசைக் கொடுக்கும் முன், காருக்குள் இருக்கும் கியர் லிவரைக் கியர்பாக்ஸுடன் இணைக்கும் கியர் கேபிளைப் பாருங்கள். கேபிள் தளர்ந்தாலும் அச்சு அசலாக இதே அறிகுறிதான் வரும். புது சுவிட்ச் போட்ட பிறகும் தொல்லை அப்படியே இருக்கும்.

நியூட்ரலில் எஞ்சின் தாராளமாகச் சுற்றுவதால் பேட்டரி, ஸ்டார்ட்டர், ரிலே மீது பழி போட வேண்டியதில்லை. சுவிட்ச் என்பது கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில், கியர் ஷாஃப்ட்டின் மேல் செருகிய தட்டையான பிளாஸ்டிக் பெட்டி. ஷாஃப்ட் திரும்பும்போது உள்ளே ஒரு தொடுமுனை செப்புத் தகடுகள் மேல் நகரும். பார்க்கிலும் நியூட்ரலிலும் ஸ்டார்ட்டர் கரண்டுக்கு வழிவிடும், ரிவர்ஸில் ரிவர்ஸ் விளக்குக்கு. தகடு தேய்ந்தாலோ, நீர் புகுந்து பச்சை பிடித்தாலோ இணைப்பு விட்டுவிட்டு வரும். கேபிள் சில மில்லிமீட்டர் தளர்ந்தாலோ, காருக்குள் லிவர் பார்க்கில் நிற்கும், ஷாஃப்ட் அதற்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடும்.

இரண்டில் எது என்று பிரிப்பது எளிது. சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கேபிள் முனையைக் கியர்பாக்ஸ் லிவரிலிருந்து கழற்றி, அந்த லிவரைக் கையால் பார்க் முனை வரை முழுதாகத் தள்ளுங்கள். காருக்குள் இருக்கும் லிவரும் பார்க்கில் இருக்கட்டும். கையை எடுத்து விலகிய பிறகு, இன்னொருவர் பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பட்டும். நாலைந்து முறை திருப்பியும் தவறாமல் ஸ்டார்ட் ஆனால் கேபிளைச் சரிசெய்தால் போதும். அப்போதும் மௌனம் என்றால் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கியர் ஆயிலோ பச்சைத் துருவோ இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிக்கு மல்டிமீட்டர்: ஸ்டார்ட்டர் சுற்றின் இரு முனைகளுக்கு இடையே பார்க், நியூட்ரலில் கிட்டத்தட்ட பூஜ்ய ஓம் காட்ட வேண்டும், ரிவர்ஸ், டிரைவில் இணைப்பே இருக்கக் கூடாது. எந்த முனை எது என்பதை உங்கள் மாடலின் ஒயரிங் படத்தில் பாருங்கள். ஸ்கேனரில் பி0705 அல்லது பி0706 என்ற கோளாறுக் குறியீடு வந்தால், கோளாறு இந்தப் பகுதியில்தான் என்று மட்டும் அர்த்தம். சுவிட்சா, கேபிளா, ஒயரா என்று அது சொல்லாது.

சில வண்டிகளில் இந்த சுவிட்ச் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

மாற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஷாஃப்ட் லிவரின் நட்டைத் தளர்த்தும்போது லிவரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த முறுக்கு முழுவதும் கியர்பாக்ஸ் உள்ளே போகும். பழைய சுவிட்ச் உட்கார்ந்திருந்த இடத்தை மார்க்கரால் கோடிட்டுவிட்டு போல்ட்களை எடுங்கள். ஷாஃப்ட்டில் துரு இருந்தால் எமரித் தாளால் தேய்த்த பிறகே புதியதைச் செருகுங்கள். அடித்து ஏற்றினால் நடுவளையம் உடையும்.

பொருத்துவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஷாஃப்ட்டைப் பார்க் முனை வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு 'டக்' பின்னால் கொண்டுவந்தால் நியூட்ரல். அந்த நிலையில் சுவிட்சின் நியூட்ரல் கோடு ஷாஃப்ட்டின் வெட்டுடன் நேராக நிற்க வேண்டும். சில சுவிட்சுகள் நியூட்ரலில் பூட்டிய ஊசியோடு வரும். போல்ட்டை இறுக்கும்வரை அதை எடுக்காதீர்கள். போல்ட்கள் சிறியவை, பிளாஸ்டிக்கைப் பிடிப்பவை. மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். சில மாடல்களில் கடைசியில் ஸ்கேனரால் புது நிலையைப் பதிவு செய்யவும் வேண்டியிருக்கும்.

அவசரத்துக்கு இரண்டு ஒயரையும் முறுக்கி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிரைவில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகி வண்டி பாயும்.

முடித்ததும் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி நான்கு நிலைகளிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ரிவர்ஸிலோ டிரைவிலோ ஸ்டார்ட்டர் லேசாக முனகினால்கூட போல்ட்டைத் தளர்த்தி, சுவிட்சை மறுபடி கோட்டுக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.