நிரல் தெரியாதவர்கள் ஏஐ கற்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நானும் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. நிர்வாகப் பிரிவில் வேலை. மூன்று வருடமாக சாட்ஜிபிடி போன்ற ஏஐ கருவிகளைத் தினமும் பயன்படுத்துகிறேன், கூட வேலை செய்பவர்களுக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் 12 வருடமாக இருக்கிறேன். பைத்தான் என்ற நிரல் மொழியைப் படிக்காமல் ஏஐ பக்கம் போகவே முடியாது என்கிறார்களே மேடம்?

தாராளமாகப் போகலாம். பைத்தான் வேண்டியது ஏஐயை உருவாக்குபவர்களுக்கு. அதை வைத்து வேலை செய்பவருக்குத் தன் தொழில் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பட்டியலைப் பார்த்ததுமே ‘இந்த எண் இடிக்கிறதே’ என்று உங்களுக்குத் தோன்றுமில்லையா? 12 வருடம் கொடுத்த அந்தக் கண்தான் இங்கே பெரிய மூலதனம்.

கேள்வி: மூன்று ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் வீடியோ பார்க்கவே தெம்பு இல்லை. என்னிடம்தான் குறையா?

உங்களிடம் குறை இல்லை. வரிசையைத்தான் மாற்ற வேண்டும். பாடத்தை முதலில் வைத்து வேலையைப் பிறகு தேடுகிறோம். அதைத் திருப்பிப் போடுங்கள்.

நீங்கள் வாராவாரம் செய்கிற ஒரே ஒரு வேலையை எடுங்கள். அது அடிக்கடி வருவதாக இருக்கட்டும். விடை சரியா தவறா என்று உங்களுக்கே தெரிய வேண்டும். தப்பாகிப்போனாலும் யாருக்கும் சேதம் வரக்கூடாது. வாராந்தர ரிப்போர்ட்டின் முதல் பத்தி, மீட்டிங் குறிப்பைச் சுருக்குவது, எக்செலில் ஒரு ஃபார்முலா என்று எதுவானாலும் சரி. அந்த ஒரே வேலையை நான்கு வாரம் ஏஐயை வைத்துச் செய்து பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம், அதுவும் அலுவலக நேரத்துக்குள்ளேயே. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒரேயடியாக உட்காருவதைவிட இது நன்றாக மனதில் தங்கும். இடைவெளி விட்டுப் படித்தால் நினைவில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன கேட்டேன், அது என்ன தந்தது, நான் எதைத் திருத்தினேன். மூன்றாவதுதான் முக்கியம். ஒரே திருத்தம் மூன்று தடவை வந்தால், அடுத்த முறை கேட்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தானாகப் புரிந்துவிடும்.

இதற்குப் பிறகு ஒரு கோர்ஸ் போதும். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் நிறுவனமும் 2018-இல் தொடங்கிய ‘எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ’ இலவசம். அதன் அறிமுகப் பகுதிக்கு நிரல் அறிவு தேவையில்லை, உங்கள் வேகத்தில் போகலாம். சாட்ஜிபிடி வந்ததோ 2022 நவம்பரில். ஆகவே அந்த கோர்ஸை அடிப்படை புரிவதற்காகப் படியுங்கள், கருவியின் பழக்கம் உங்கள் நோட்டிலிருந்து வரட்டும். வீடியோதான் பிடிக்கும் என்றால் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ இங் நடத்தும் ‘ஏஐ ஃபார் எவ்ரிஒன்’ பாருங்கள். இரண்டையும் சேர்த்து ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: மெயில் எழுதச் சொன்னால் யாருக்கும் பொருந்துகிற மாதிரி வழவழவென்று எழுதுகிறது. என்ன செய்வது அக்கா?

உங்களுக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாதே தம்பி. ‘தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுது’ என்று மட்டும் சொன்னால் வேறென்ன தரும்? போன மாதம் நான் கேட்டது இப்படி: ‘பொருள் 9 நாள் தாமதம். காரணம் எங்கள் கிடங்கில் நடந்த எண்ணிக்கைப் பிழை. இது இரண்டாம் முறை, வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார். 6 வரிக்குள் எழுது. தள்ளுபடி பற்றிப் பேசாதே. எழுதும் முன் உனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால் என்னைக் கேள்.’

அது திருப்பிக் கேட்டது: ‘புதிய தேதி உறுதியானதா, உத்தேசமா?’ அப்போதுதான் கிடங்கில் நான் அதை விசாரிக்கவே இல்லை என்று உறைத்தது. உடனே போன் போட்டுக் கேட்டேன். ‘ஏதாவது இருந்தால் என்னைக் கேள்’ என்ற அந்தக் கடைசி வரியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் ஏன் கதை விடுகிறது? எப்படி நம்புவது?

அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துத்தான் அது வாக்கியத்தைக் கட்டுகிறது. அதனால் இல்லாத ஒன்றைக்கூட நிஜம் போலவே சரளமாக எழுதிவிடும். 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அந்தத் தீர்ப்புகள் எங்கும் இல்லை. ‘இந்த வழக்கு நிஜம்தானா?’ என்று அதனிடமே கேட்டும் பார்த்திருக்கிறார்கள், நிஜம்தான் என்றிருக்கிறது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஆகவே சரிபார்ப்பதை அதனிடமே விடாதீர்கள், மூல ஆவணத்துக்குப் போங்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். 14 பக்க மீட்டிங் குறிப்பைச் சுருக்கச் சொன்னேன். அழகாகத் தந்தது. ஆனால் ‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்றிருந்த ஒரு தீர்மானம் சுருக்கத்தில் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று ஆகியிருந்தது. அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பார்த்தேன். இன்றுவரை பெயர், தேதி, எண், முடிவு ஆகிய நான்கையும் மூலத்தோடு ஒப்பிடாமல் எதையும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண் போடச் சொன்னால் தேடுவது எளிது. அந்தப் பக்க எண்ணையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எக்செல் ஃபார்முலாவுக்கும் இதே கதைதான். விடை தெரிந்த ஐந்து வரிகளில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு வரியைக் காலியாக விடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

கேள்வி: அலுவலக ஃபைலை அதில் போடலாமா?

முதலில் நிறுவனத்தின் விதியைக் கேளுங்கள். விதி வரும்வரை வாடிக்கையாளர் பெயர், ஊழியர் சம்பளம், மருத்துவ விவரம், ஒப்பந்தம் எதையும் சொந்தக் கணக்கில் ஒட்டாதீர்கள். நீங்கள் எழுதுவதை ஏஐக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொள்ளாமல் இருக்கச் சில கருவிகளின் செட்டிங்ஸில் வழி இருக்கிறது, அங்கே போய் அந்த அனுமதியை அணைத்துவையுங்கள். அணைத்தாலும் ரகசியம் ரகசியம்தான். நீங்கள் பழகிப் பார்க்கப் பெயர்களை மாற்றி, எண்களை மாற்றி ஒரு போலி ஃபைல் செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகும், பல மாதம் உதவும்.

கேள்வி: காசு கட்ட வேண்டுமா?

முதல் இரண்டு மாதம் வேண்டாம். இலவசமாகப் பயன்படுத்தும் அளவின் எல்லையில் அடிக்கடி முட்டிக்கொண்டால் அப்போது யோசியுங்கள்.

கேள்வி: தமிழில் கேட்டால் புரியுமா?

புரியும், நான் பாதி நேரம் தமிழில்தான் கேட்கிறேன். ஆனால் இந்தக் கருவிகள் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் படிக்கின்றன. ஆங்கிலத்தைவிடத் தமிழ் பொதுவாக அதிகத் துண்டுகளாக உடைவதால் நீளமான ஆவணம், அவை ஒரே தடவையில் படிக்கக்கூடிய எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். அது எழுதித் தரும் தமிழை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு வாடை இருந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும்.

கேள்வி: எனக்கு 54 வயது. இளையவர்கள் மடமடவென்று தட்டுகிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ஐயா, நான் சொல்லிக்கொடுத்தவர்களில் சீக்கிரம் தேறியவர் உங்களைவிட இரண்டு வயது மூத்தவர். தட்டச்சு மெதுவாகத்தான் வரும் அவருக்கு. ஆனால் ‘இந்தக் கடிதத்தில் மூன்றாவது பத்தி எங்கள் நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று முதல் நாளே பிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்த இளைஞர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் ஒருவரோடு ஜோடி சேருங்கள். அவர் தட்டட்டும், நீங்கள் குறை சொல்லுங்கள். போனில் பேசியே கேட்கும் வசதியும் இருக்கிறது, அதையும் முயன்று பாருங்கள்.

கேள்வி: சான்றிதழ் இருந்தால் பதவி உயர்வுக்கு உதவுமா?

கோர்ஸ் முடித்தால் வாங்கிவையுங்கள். ஆனால் மேலதிகாரியிடம் பேசப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். ஒரு ரிப்போர்ட் முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது, இப்போது எவ்வளவு, அதில் சரிபார்க்க எத்தனை நிமிடம், எந்தத் தவறை எங்கே பிடித்தீர்கள் என்று காட்டுங்கள். ஏஐயை வைத்துச் செய்ததை மறைக்கவும் வேண்டாம். பிறகு தெரியவந்தால் நல்ல வேலையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.