மூன்றாம் வருடத்து முழங்கால்

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக். பட்டம் வாங்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் என்எஃப்எல் ட்ராஃப்டுக்குப் போகிறானாம், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற இடத்துக்கு. ஆண்ட்ரூ லக் ஸ்டான்ஃபோர்டில் தங்கிப் பட்டம் வாங்கிவிட்டுத்தானே 2012 ட்ராஃப்டில் முதல் ஆளாக வந்தார்? பணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விடலாமா? என் மகனுக்கு இதை எப்படி விளக்குவது?

கே.

அன்புள்ள கே.,

ஆண்ட்ரூ லக்கை விடுங்கள். அவர் குவாட்டர்பேக், பந்தை எறிகிறவர். அப்பாவும் என்எஃப்எல்லில் ஆடியவர். உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நூறு கிலோ ஆட்களுக்கு நடுவே தலையைக் குனிந்து புகுகிறவன். பெயர்தான் ஒரே விளையாட்டு.

2012 அக்டோபரில் தென் கரோலினாவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை, டிவியில் தென் கரோலினா கல்லூரி அணிக்கு டென்னஸியுடன் ஆட்டம். எனக்கு விதிகள் பாதிதான் புரியும். தென் கரோலினாவின் ரன்னிங் பேக் மார்கஸ் லாட்டிமோர் பந்தோடு ஓடினான், மறித்து மோதினார்கள், வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது. முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருந்த நண்பரின் அம்மா, "ஐயோ, பெத்தவ பாத்துட்டிருப்பாளே" என்றார். எதிரணிப் பையன்களும் வந்து அவனைச் சுற்றி நின்றார்கள். இரண்டு நாளில் அவனுக்கு 21 வயது. முந்தைய வருடம்தான் இடது முழங்கால் போய், தேறி வந்திருந்தான். 2013 ட்ராஃப்டில் நான்காம் சுற்றில் ஓர் என்எஃப்எல் அணி எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு பெற்றான்.

முன்பே போயிருக்கலாமே என்பீர்கள். முடியாது. பள்ளி முடிந்து மூன்று வருடம் ஆகாதவனை என்எஃப்எல் சேர்க்காது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2004-இல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து மேல்கோர்ட்டில் தோற்றார். அங்கே தீர்ப்பு எழுதியவர் சோனியா சோட்டோமேயர், பின்னால் உச்ச நீதிமன்றம் போனவர். அந்த மூன்று வருடமும் பையன் முட்டி மோதி ஓட, பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம், பையனுக்கு உதவித்தொகையும் சாப்பாடும். தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021-இல்தான் விட்டார்கள். முழங்கால் அதுவரை காத்திருக்குமா? சீக்கிரம் போகிறான் என்கிறீர்களே, அவனைப் பிடித்து வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

'பணத்துக்காக' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது. நீங்கள் அட்லாண்டாவுக்கு எதற்குப் போனீர்கள்? மூன்றாம் வருடத்தில் உங்கள் மகனை கூகுள் கூப்பிட்டால் தெரு முழுக்க ஸ்வீட் கொடுக்க மாட்டீர்களா? எம்மிட் ஸ்மித்தும் ரன்னிங் பேக்தான், 1990-இல் பட்டம் வாங்காமல்தான் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தை விட்டு என்எஃப்எல்லுக்குப் போனார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி திரும்பி வந்து 1996-இல் பட்டம் வாங்கினார். அதற்குள் மூன்று சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் இறுதி ஆட்டம், ஜெயித்திருந்தார். கல்லூரி அங்கேயேதான் இருந்தது.

சரி, எல்லாரும் ஸ்மித் ஆவதில்லை. இப்போது கல்லூரியிலேயே பணம் கிடைப்பதால் தங்கிவிடுகிறவர்களும் உண்டு. முதல் இரண்டு சுற்றுக்குள் வருவானா என்று என்எஃப்எல்லின் ஆலோசனைக் குழுவே மதிப்பிட்டுச் சொல்லும். அதை அவன் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் மகனுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். ஒரு சாயங்காலம் அவனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு வரட்டும். வீட்டில் நல்ல தைலம் இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள்.