வெட்டினால் இன்னொரு ஆட்டமா?

கேள்வி: ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் 'மெம்வார் 44' என்ற, இரண்டாம் உலகப்போரின் நார்மண்டிச் சண்டையை வைத்த பலகை ஆட்டம் விளையாடுகிறோம். விதிப் புத்தகத்தை ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறோம். ஜெயித்த படை ஜெயிக்க ஜெயிக்கத் திரும்பச் சுடலாமா? பின்னால் இடமில்லாத படை பக்கவாட்டில் ஒதுங்கலாமா? இரண்டு காடுகளின் நடுவே சுடலாமா? மூன்றுக்குமே என் மச்சான் 'செய்யலாம்' என்கிறார்.
- வாசகர், வில்லாபுரம், மதுரை

பதில்: உங்கள் மச்சான் தாயத்தை நார்மண்டிக்குக் கொண்டுபோய்விட்டார். தாயத்தில் காயை வெட்டினால் மறுபடி உருட்டலாம். இங்கே அந்தச் சலுகை டாங்கிக்கு மட்டும்தான், அதுவும் ஒரு முறைக்கு ஒரே தடவை. பக்கத்துக் கட்டத்து எதிரியை அழித்தாலோ விரட்டினாலோ டாங்கி அந்தக் கட்டத்துக்குள் போய் இன்னொரு தாக்குதல் நடத்தலாம். அதிலும் ஜெயித்தால் காலியான கட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம், மூன்றாவது தாக்குதல் கிடையாது. காலாட்படை கட்டத்தைப் பிடிக்கலாம், திரும்பச் சுட முடியாது. பிடித்த கட்டம் காடாகவோ ஊராகவோ இருந்தால் டாங்கிக்கும் அந்த இரண்டாவது தாக்குதல் இல்லை. காட்டுக்குள் நுழைந்த முறையில் யாரும் சுடக் கூடாது என்ற விதி இங்கும் பிடிக்கும்.

பின்வாங்கலில்தான் பெரும்பாலான சண்டை வரும். காரணம், பகடையில் விழுந்ததை எந்த வரிசையில் கணக்குப் பார்ப்பது என்ற குழப்பம். முதலில் அடி (பொம்மையை எடுப்பது), பிறகுதான் கொடி (பின்வாங்குவது). வெட்டவெளியில் இரண்டு பொம்மை மிஞ்சிய காலாட்படையை டாங்கி பக்கத்தில் நின்று தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பகடையில் காலாள், நட்சத்திரம், கொடி விழுகின்றன. காலாளுக்கு ஒரு பொம்மை போச்சு. நட்சத்திரம் சும்மா. கொடிக்கு, மிஞ்சிய பொம்மை தன் பக்கத்து விளிம்பை நோக்கி ஒரு கட்டம் போக வேண்டும். அறுகோணப் பலகையில் அப்படிப் போக இரண்டே கட்டங்கள் உண்டு. எது என்பதை ஓடுகிறவர்தான் தேர்ந்தெடுப்பார். இரண்டிலும் சொந்தப் படையே நின்றால் பக்கவாட்டில் நழுவ வழியில்லை. அந்தக் கொடிக்கு ஈடாக ஒரு பொம்மை போகும். கடைசிப் பொம்மையும் போனதால் எதிராளிக்குப் பதக்கம், அதாவது வெற்றிப் புள்ளி. படைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்துகிறவர்கள் தோற்பது இப்படித்தான். மணல் மூட்டைக்குப் பின்னால் இருப்பவர் முதல் கொடியைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

இரண்டு காட்டு விஷயத்துக்குப் பூக்கட்டும் நூல் ஒன்று எடுங்கள். சுடுகிறவர் கட்டத்தின் நடுவிலிருந்து இலக்கின் நடுவுக்கு இழுத்துப் பிடியுங்கள். இடையில் உள்ள காடு, ஊர், குன்று, உயிர்வேலி இவற்றில் நூல் கொஞ்சம் நுழைந்தாலும் பார்வை மறைந்தது. இடையில் நிற்கும் படையும், நம்முடையதே ஆனாலும், மறைக்கும். இரண்டு கட்டம் தள்ளியுள்ள இலக்குகளில் சிலவற்றுக்கு நூல் எந்தக் கட்டத்துக்குள்ளும் போகாமல் இரண்டு கட்டங்களின் எல்லைக்கோட்டிலேயே ஓடும். அப்போது இருபுறமும் மறைப்பு இருந்தால்தான் சுட முடியாது. ஒருபுறம் வெளியாக இருந்தால் சுடலாம். உங்கள் ஆட்டத்தில் இருபுறமும் காடு, ஆகவே மச்சான் சொன்னது செல்லாது. சுடுகிறவர் நிற்கும் கட்டமும் இலக்கின் கட்டமும் மறைப்புக் கணக்கில் வராது. ஆனால் இலக்கு காட்டில் இருந்தால் பகடை குறையும்: சுடுகிற காலாட்படைக்கு ஒன்று, டாங்கிக்கு இரண்டு. மூன்று பகடை டாங்கி அங்கே ஒரே பகடையோடு நிற்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். ஒரு படை நகர்ந்து சுட்ட பிறகு அடுத்த படையை நகர்த்துவது தவறு. எல்லா நகர்வும் முடிந்த பிறகே முதல் பகடை விழ வேண்டும். பொம்மை குறைந்தால் பகடை குறையாது. ஒற்றைக் காலாளும் பக்கத்து எதிரி மேல் மூன்று பகடை போடுவார். எதிரி ஒட்டி நிற்கும்போது அவரை விட்டுவிட்டுத் தூரத்து ஆளைச் சுடவும் முடியாது.

பீரங்கிக்கு நூல் வேண்டாம், காடும் குறைக்காது. ஒன்று முதல் ஆறு கட்டத் தூரம் வரை முறையே 3, 3, 2, 2, 1, 1 என்று பகடை. ஆனால் ஒரு முறையில் ஒரு கட்டம் நகரலாம் அல்லது சுடலாம், இரண்டும் முடியாது.