ஆர்தர் கே: காபிச் சக்கையில் தொடங்கிய தொழில் எப்படி நடந்தது?

லண்டனில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோது, காபிக் கடைகள் கொட்டும் சக்கையில் எண்ணெய் மிச்சமிருப்பதைக் கவனித்தார் ஆர்தர் கே. 2013-இல் பயோ-பீன் நிறுவனத்தைத் தொடங்கினார். சக்கையைச் சேகரித்து, உலர்த்தி, அழுத்தி அடுப்புக்கட்டையாக்குவதுதான் வேலை.

உண்மையான சிக்கல் ஈரம்தான். கடையிலிருந்து வரும் சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஏற்றிவரும் வண்டிக்கூலியும் உலர்த்தும் செலவும் லாபத்தைத் தின்றுவிடும். கூடவே கோப்பை, மூடி, பிளாஸ்டிக் கலந்து வரும். அதைப் பிரிக்காமல் எந்திரத்தில் போட முடியாது.

2017-இல் 6,000 லிட்டர் காபி எண்ணெய் தயாரானது. டீசலுடன் கலந்தால், ஒரே ஒரு லண்டன் பேருந்தின் ஓராண்டு ஓட்டத்துக்கு ஈடு. செய்தியில் பெரிது, அளவில் சிறிது என்பதை இந்தத் துறைக்கு வருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2023-இல் நிறுவனம் மூடப்பட்டது. கே அதற்கு முன்பே, கட்டட மாடிகளின் மேல் வீடு கட்டும் ஸ்கைரூம் என்ற நிறுவனத்தின் பக்கம் போய்விட்டார்.