தாளில் இல்லாத இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாகப் பல ஊர்களுக்குப் போகிறேன். எந்தக் கடைவீதியில் இறங்கினாலும் அதே பத்துப் பெயர்ப் பலகைகள், அதே வெளிச்சம், அதே இசை. இருப்பது எந்த ஊர் என்பதே சில நேரம் மறந்துவிடுகிறது. மக்களின் ரசனை செத்துவிட்டதா? ஆன்லைன் வியாபாரமும் காரணமா? செயின் கடைகளைப் புறக்கணிப்பதுதான் வழியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆன்லைனை விடுங்கள். வுல்வொர்த் என்ற செயின் கடை நிறுவனம் பிரிட்டனில் முதல் கடை திறந்தது 1909இல். 2009 ஜனவரிக்குள் எல்லாம் மூடப்பட்டன. அதற்கு முன் ஊருக்கு ஊர் அதே சிவப்புப் பலகையோடு 800க்கு மேல் கடைகள் இருந்தன. நோய் பழையது.

ரசனை என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. உங்களுடையது மட்டும் பிழைத்துக்கிடக்கிறதாக்கும்? முன்பின் தெரியாத ஊரில், மழையில், தெரிந்த பலகையைப் பார்த்துத்தானே நீங்களும் உள்ளே நுழைந்திருப்பீர்கள்? நானும் அப்படித்தான். ஜனங்களைத் திட்டுவது சுலபம், செலவில்லாதது.

இளவயதில் பதினான்கு மாதம் ஒரு செயின் கடையில் சாமான் அடுக்கினேன். தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வரும். பிளானோகிராம் என்பார்கள். எந்தப் பொருள் எந்தத் தட்டில், எத்தனை வரிசை, லேபிள் எந்தப் பக்கம், எல்லாம் அதில் படமாக இருக்கும். கைத்தடியோடு ஒரு பாட்டி வருவார். அவர் வாங்கும் சோப்பு அடித்தட்டில். குனிய முடியாது. நான் அதை இடுப்புயரத் தட்டுக்கு மாற்றினேன். அந்த வாரமே சுற்றுக்கு வந்த அதிகாரி தாளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேலாளரை எல்லோர் முன்னாலும் காய்ச்சினார். சோப்பு கீழே போனது. மேலாளர் நல்ல மனுஷர். “எனக்குத் தெரியாதா தம்பி, தாள்ல இல்லையே” என்றார்.

உங்கள் கடைவீதியும் அப்படித்தான் அடுக்கப்படுகிறது. கடைக்குள் நிற்பவருக்கு எதையும் மாற்ற அதிகாரமில்லை, அதிகாரம் உள்ளவர் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. கட்டட உரிமையாளரும் இதில் கூட்டு. பத்து வருடக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடும் பெரிய நிறுவனம் உள்ளே இருந்தால் கட்டடத்தின் மதிப்பு ஏறும், வங்கி கடன் தரும். தனி ஆள் வைக்கும் கடைக்கு அந்த மரியாதை கிடைக்காது. வாடகைதான் பலகையைத் தேர்ந்தெடுக்கிறது, வாடிக்கையாளர் அல்ல.

இங்கிலாந்தில் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2005இல் ஊர்களைக் கணக்கெடுத்து, நகல் ஊர்களில், அதாவது செயின் கடைகளே நிறைந்து எல்லா ஊரையும்போலத் தெரியும் ஊர்களில், முதலிடத்தை எக்ஸெட்டர் நகரத்துக்குக் கொடுத்தது. அதே டெவன் பகுதியில்தான் டாட்னஸ் என்ற சிற்றூரும் இருக்கிறது. 2012இல் ஒரு பெரிய காபி நிறுவனம் அங்கே கடை திறக்க அனுமதியே வாங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் விடாமல் எதிர்த்ததில் பின்வாங்கியது. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ரசனையில் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஒரு ஊர் எழுந்து வாயைத் திறந்தது, அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவில் அந்த வாயைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். வேறு 11 கடைகளாவது வைத்திருக்கும் நிறுவனம் அக்கம்பக்கக் கடைத்தெருவுக்குள் வரவேண்டுமானால் தனி அனுமதி கேட்கவேண்டும், ஜனங்கள் விசாரணையில் பேசலாம். 2006இல் அந்த ஊர் ஜனங்களே வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் அது.

புறக்கணிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? சோப்பு எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அடுத்த கடைக்கு அனுமதி கொடுக்கும் கூட்டம் என்றைக்கு என்று மட்டும் விசாரித்து எனக்கு எழுதுங்கள். தெரியாது என்றால், உங்கள் முதல் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

பாட்டி அதன் பிறகும் வந்தார். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். அது தாளில் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை.