நதிமூலம், ரிஷிமூலம், நிதிமூலம்

கேள்வி: கறுப்புப் பணத்தையும் ஊழலையும் ஒழிக்க உலக நாடுகள் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போடுகின்றன. பணத்தின் மூலத்தைத் தேடிப் பிடித்து அடைத்தால் போதாதா? முதலில், வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசைக் கைமாற்றித் தரும் இந்த உண்டியல்காரரைப் பிடிக்க வேண்டாமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கொக்குவில்)

பதில்: மூலம் என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

போன மாதம் அக்காவை வங்கிக்குக் கூட்டிப் போனேன். எண்பதைத் தொடுகிற வயது. ஒரு துண்டுக் காணி விற்ற காசு 12 லட்சம் சீலைப் பைக்குள். பத்து லட்சமும் அதற்கு மேலும் காசாக வந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், 2006-ல் வந்த சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளை கேட்டது: "அம்மா, உங்கட நிதி மூலம் என்ன?" அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், முதல் பாதி விழவில்லை. "நான் பூராடம் பிள்ளை. மூலம் இவன்" என்று என்னைக் காட்டினா. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அதில் ஒருவர் வேறு மூலத்தை நினைத்துக்கொண்டு அனுதாபத்தோடு பார்த்தார். ஆண்மூலம் அரசாளும் என்பார்கள். நான் ஆளுவது இந்தப் பத்திரிகையை, அதுவும் சந்தா பாக்கியோடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். நதிமூலமும் ரிஷிமூலமும் கேட்கக் கூடாது என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தார்கள். நிதிமூலத்தை அதில் சேர்த்தது சுவிஸ்காரன். 1934-லேயே சட்டம் போட்டு, வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியே சொன்ன வங்கிக்காரனுக்குச் சிறை என்றான். பிலிப்பைன்ஸை ஆண்ட மார்க்கோஸ் 1986-ல் நாட்டை விட்டு ஓடியதும் சுவிஸ் வங்கிகளில் முடக்கப்பட்ட பணம் பிலிப்பைன்ஸ் திறைசேரிக்குப் போய்ச் சேர்ந்தது 2004-ல். பதினெட்டு வருடம் என்று வெளியூர்க்காரன் வாயைப் பிளப்பான், யாழ்ப்பாணத்து வேலி வழக்குக்கு அது பால்குடி வயது.

மூலம் கேட்கிற சட்டம் பெரிய இடங்களிலும் இல்லாமல் இல்லை. பிரித்தானியாவில் 2018 முதல் அப்படி ஒன்று இருக்கிறது: இந்தச் சொத்து உனக்கு எப்படி வந்தது, காட்டு. முதலில் அகப்பட்டவர் அசர்பைஜானில் அப்போது சிறையிலிருந்த ஒரு வங்கித் தலைவரின் மனைவி. லண்டன் ஹரட்ஸ் கடையில் மட்டும் பத்து வருடத்தில் 160 இலட்சம் பவுணுக்கு மேல் செலவழித்திருக்கிறார். அந்தப் பத்து வருடமும் அந்தக் கடையில் யாராவது அவரிடம் மூலம் கேட்டிருப்பார்களா? அக்காவின் சீலைப் பை அங்கே போயிருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தச் சட்டம் பாய்ந்த வழக்குகளை விரல் விட்டு எண்ணலாம்.

உண்டியலுக்கு வருகிறேன், கோபிக்காதீர்கள். சண்டைக் காலத்தில் கனடாவிலிருந்து மாமா அனுப்பிய காசு எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில்தான் வந்தது. அடையாளத்துக்கு ஒரு பழைய பத்து ரூபா நோட்டின் கடைசி நாலு இலக்கத்தைச் சொன்னால் உண்டியல்காரர் திண்ணையில் வைத்து எண்ணித் தந்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போவார். அதே உண்டியலில் அழுக்குக் காசும் வந்தது, மறுக்கவில்லை. டொலரை அரசு இருநூறு சொச்ச ரூபாவில் கட்டி வைத்திருந்த காலத்தில், கூடக் கிடைக்கிறதென்று சனம் உண்டியலுக்குத் திரும்பி, 2020-ல் 710 கோடி டொலராக வந்த வெளிநாட்டுக் காசு 2022-ல் 380 கோடிக்கு இறங்கியதும் உண்மை. ஆனால் உண்டியல்காரரிடம் தாள்தான் இல்லை, ஆளைத் தெரியும், ஆளின் பெரியப்பாவையும் தெரியும். மறுபக்கம் பாருங்கள். வரியில்லாத கேமன் தீவில் ஒரே ஒரு கட்டடத்தில் 18,000-க்கு மேல் கம்பனிகள் பதிவாகியிருந்தன. எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திய தாள் இருக்கும், உள்ளே யார் என்று கேட்டால்தான் சிக்கல். நம் ஊரில் இதற்குப் பெயர் பினாமி, அங்கே அதற்குச் சட்டத்தரணியும் கணக்காளரும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். உண்மையான சொந்தக்காரன் யார் என்று எழுதித் தா என்று அமெரிக்காவே 2021-ல் சட்டம் போட்டது, 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பனிகளுக்கு அது வேண்டாம் என்று கையைக் கழுவிவிட்டது. கொக்குவிலில் எந்த வளவு யாருடையது என்று உங்களிடம் கேட்டால் படலையடியில் நின்றே சொல்லிவிடுவீர்களே.

ஒப்பந்தம் என்றீர்கள். ஐ.நா. ஊழல் எதிர்ப்பு ஒப்பந்தம் 2003-ல் மெக்சிக்கோவில் கையெழுத்துக்கு வந்தது, அடுத்த வருடமே இலங்கையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் 2020 ஜனவரியில் விமானம் செய்யும் எயார்பஸ் கம்பனியின் கைக்கூலி விவகாரம் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஸ்ரீலங்கன் விமான சேவை அதிகாரி ஒருவரின் மனைவியுடைய கம்பனிக்கு 20 லட்சம் டொலர் போன கதையும் வெளிவந்தது. எயார்பஸ் கட்டிய தண்டம் 360 கோடி யூரோ. கட்டியது யாருக்கு? பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும். மாட்டைக் களவு கொடுத்தவன் ஒருவன், தண்டப் பணம் பக்கத்து ஊர் விதானையாருக்கு.

இனி ஒரு பழைய கணக்கு. லஞ்சம் என்று எழுதினால் மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடும் சுன்னாகத்து வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது, 'இலஞ்சம்' என்று எழுது என்பார். ஐயா, லஞ்சத்துக்கே முன்னால் ஒன்று வைத்தால்தான் அது நகரும் என்கிறீர்களா? இந்த முறை வைக்கவில்லை. உங்கள் அஞ்சலட்டையை எதிர்பார்க்கிறேன்.