மொறட்டுவைக்குப் போகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

நான் திருகோணமலை உவர்மலைக்காரி, கட்டுபெத்தையில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவள். அதன் பொறியியல் பீடத்துக்குத் தெரிவான எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முழுக்கத் தமிழில் எழுதினேன். ஆங்கில லெக்சர் விளங்குமா?

பதில்: ஆரம்பத்தில் பாதிதான் விளங்கும், தங்கச்சி. பயப்படாதீங்கோ. முதல் செமஸ்டர் கணிதமும் மெக்கானிக்ஸும் நீங்கள் ஏ.எல். இணைந்த கணிதப் பாடத்தில் செய்ததன் தொடர்ச்சிதான். முதல்நாள் இரவே ஸ்லைட்ஸை ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் காது பிடித்துக்கொள்ளும். உண்மையில் புதிது புரோகிராமிங்தான். பைத்தன் என்ற கணினி மொழியை வீடியோவில் பார்த்து விளங்கினால் போதாது. பத்து வரி என்றாலும் நீங்களே தட்டுங்கள். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டு, பிழை காட்டி, எந்த வரி என்று தேடித் திருத்தும்போதுதான் கை பழகும். டியூட்டை, அதாவது பாடத்துக்குத் தரும் பயிற்சிக் கேள்வித்தாளை, வந்த கிழமையே செய்து முடியுங்கள்.

கேள்வி: ஏ.எல். படித்துக் களைத்துவிட்டோம். முதல் செமஸ்டரில் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாமா?

பதில்: கூடாது. அந்த செமஸ்டர் பெறுபேற்றை வைத்துத்தான் துறை பிரிப்பார்கள். கணினிக்கும் இலத்திரனியலுக்கும் பெரிய போட்டி. விரும்பிய துறையை அந்தச் சில மாதங்களில் கோட்டைவிட்டால், மிச்ச வருடங்கள் முழுக்க வேறொன்றைப் படிக்க வேண்டிவரும்.

கேள்வி: மொறட்டுவை இல்லை, எங்கள் ஊரிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே எப்படி?

பதில்: அங்கே படிக்கும் ஒருவரைக் கேளுங்கள், தம்பி. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில்தானே வளாகம் இருக்கிறது.

கேள்வி: (மூன்றாம் வருட மாணவர் ஒருவர்) அக்கா, சும்மா பயப்படுத்தாதீங்கோ. சோதனைக்கு முதல் சீனியர்மார் தமிழில் குப்பி (ஜூனியர்களுக்கு நடத்தும் வகுப்பு) எடுப்பார்கள். அதை வைத்தே பாஸ் பண்ணினவை எத்தனை பேர்!

பதில்: பாஸ் பண்ணலாம், தம்பி. துறை கிடைக்குமா? குப்பியில் கடந்தகால வினாத்தாள் செய்து காட்டுவார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால், தானாக டியூட் செய்த பிள்ளைதான் நிற்கும்.

கேள்வி: அப்போ குப்பி எடுக்கும் நாங்கள் மினக்கெடுவது வீணா?

பதில்: அப்படிச் சொல்லவே இல்லை. சொந்தச் சோதனையையும் வைத்துக்கொண்டு, இரவில் கண்விழித்துப் படிப்பிக்கிற உங்களை நான் மதிக்கிறேன். நான் கேட்பது, அந்தப் பிள்ளை டியூட்டை முயன்று பார்த்து, எங்கே இடறியது என்று தெரிந்துகொண்டு உங்களிடம் வரவேண்டும் என்பதைத்தான். அப்புறம், தமிழ்ப் பெடியளுக்குள்ளேயே நாலு வருடமும் இருந்துவிடாதீர்கள். லாப் குழுவில் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து அறிக்கை எழுதினால் சிங்களம், ஆங்கிலம் இரண்டும் வரும்.

கேள்வி: பகிடிவதை (ராகிங்) நடந்தால்?

பதில்: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். அடக்கம் கற்பிக்கிறோம் என்று யார் சொன்னாலும் குற்றம்தான். மாணவர் ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடுங்கள். வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். தனியாக வைத்துக்கொண்டு அழாதீர்கள்.

கேள்வி: ஆங்கிலம் கஷ்டமாக இருக்குமா அக்கா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் படித்தவர்களால் சமாளிக்க முடியுமா?

பதில்: இதுவும் அதே கேள்விதான். முடியும். டியூட்டைச் செய்யுங்கள்.

கேள்வி: மகளை முதல்முறை கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கே இறங்குவது?

பதில்: அம்மா, இரவு பஸ்ஸில் வந்தால் விடிய கொழும்பு. புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பாணந்துறை பஸ் எடுத்து, கட்டுபெத்தைச் சந்தியில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். மூலச் சான்றிதழ்களைப் பெரிய பையில் போட்டு பஸ்ஸின் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.